முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவே

உதறலாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகுகிறவர்கள் அவருடைய முதுகிலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் முதுகு சாய்ந்துகொள்வதற்காக இருக்கிறது. அவருக்கு அது சம்பளம் வாங்கித் தரும் கருவி. லிஃப்ட்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்தில் அவர் மூத்த சோதனையாளர். அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் நுழைவார், லிஃப்டில் ஏறுவார், பின்சுவரில் முதுகை ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். கூட வரும் காவலாளி, பாவம் மனிதர் ஏதோ வேண்டுதலில் இருக்கிறார் என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். மேலே போய்க் கதவு திறந்ததும் உதறலார் கண்ணைத் திறந்து, “ஏழாவது மாடியத் தாண்டும்போது ஒரு உதறல் இருக்கு,” என்பார். கருவியை வைத்துப் பார்ப்பார்கள். சில சமயம் இருக்கும். பல சமயம் இருக்காது. இல்லாத சமயங்களில் கருவியைப் பழுதுபார்க்க அனுப்பச் சொல்வார்.

அலுவலகத்தில் அவருக்கு ‘உதறல்’ என்று பெயர் வைத்தார்கள். மனைவியின் தம்பி, அத்தானுக்கு மரியாதைக் குறைவு வந்துவிடக் கூடாதே என்று கடைசியில் ஓர் ‘ஆர்’ சேர்த்தான். அன்றிலிருந்து உதறலார்.

அலுவலகம் முடிந்ததும் முதுகைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு வர வழியில்லை என்பதால், அது வீட்டுக்கும் வந்தது. குளிர்சாதனப் பெட்டி வேலை செய்யத் தொடங்கினால் அதன் மேல் கை வைத்துப் பார்ப்பார். துணி துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்றுக்கு வந்தால் சோற்றுத் தட்டிலிருந்து எழுந்து போவார். பால் பொங்கி முடித்த பிறகும் பாத்திரத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பார். அவர் மனைவி பகலெல்லாம் மழலையர் வகுப்பில் குழந்தைகளை மேய்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து இன்னொன்றை மேய்ப்பவர். “உக்காருங்க, உக்காருங்க, அது ஓடித் தன்னால நிக்கும்,” என்று வகுப்பறைக் குரலிலேயே சொல்லுவார். உதறலார் உட்காருவார். உட்கார்ந்திருப்பார் என்று சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் அந்த ஆட்டோமேட்டிக் கார் வந்து சேர்ந்தது. சாம்பல் நிறம், பழைய வண்டி, கை மாறி வந்தது. கியரை மாற்ற வேண்டியதில்லை, தானே மாற்றிக்கொள்ளும் என்றார்கள். தானே செய்துகொள்ளும் எதையும் நம்பி உதறலாருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் வாங்கினார், ஓட்டினார், வருடங்கள் போயின. வண்டி அவரைப் பற்றிக் குறை சொல்லவில்லை. அவரும் அடக்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அது ஆரம்பித்தது. விடிந்தும் விடியாத நேரம். கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டு, வண்டியைக் கிளப்பி, கியர்க் கம்பியை ‘டி’ என்ற எழுத்தில் போட்டு, கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்குவார். முதல் கியர் வரை ஒன்றும் இல்லை. இரண்டாவதுக்கு மாறுகிற இடத்தில் வண்டி ஒரு கணம் யோசிக்கும். யோசித்துவிட்டு, யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி ஒரு தள்ளு. அவர் தலை முன்னால் போய்த் திரும்பி வரும். மூன்றாவதுக்குப் போகும்போது மறுபடி ஒன்று, கொஞ்சம் சின்னதாக. ரொட்டிக் கடை வரும்வரை இந்தக் கூத்து. கடையைத் தாண்டிவிட்டால் வண்டி வெண்ணெய். நாள் முழுக்க வெண்ணெய்தான். மறுநாள் காலையில் மறுபடி உதை.

அந்த வேளையில் அவரோடு வண்டியில் யாரும் ஏறுவதில்லை. மனைவிக்குப் பள்ளிக்கூடம் தெருக்கோடியில். மகள் கால்நடை மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டு, போர்வைக்குள் இருந்தாள். ஆகவே உலகத்தில் அந்த உதைக்கு ஒரே சாட்சி உதறலாரின் முதுகு. அந்தச் சாட்சியின் நம்பகத்தன்மை வீட்டில் எந்த நிலையில் இருந்தது என்பதைச் சொல்லியாகிவிட்டது.

விஷயம் விளையாட்டாகவே போயிருக்கும். ஆனால் மகளுக்கு வேலை கிடைத்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே கால்நடை மருத்துவமனை. மாடுகள் நேரம் பார்த்துக் கன்று போடுவதில்லை என்பதால், பண்ணை பண்ணையாக விடியலில் ஓடுவதற்குச் சொந்த வண்டி வேண்டும் என்பது நிபந்தனை. திங்கட்கிழமை சேர வேண்டும். வீட்டில் இருந்தது ஒரே வண்டி.

“அப்பா, நான் காரை எடுத்துட்டுப் போறேன். நீங்க பஸ்ல போவீங்கல்ல?”

“தாராளமா எடுத்துட்டுப் போ. ஆனா இந்த வண்டிய இல்ல.”

“வேற வண்டி எங்க இருக்கு?”

“அதான் இல்லையே. அதனாலதான் யோசிக்கச் சொல்றேன். காலையில வண்டி உதைக்குதும்மா. மலைப் பாதை. குளிர். நீ ஒருத்தி. நடுவழியில கியர் கையை விரிச்சிட்டா?”

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: “உதைக்கிறது கார் இல்லைங்க. பொண்ண அனுப்ப மனசு வரல. அதை நேரா சொல்லிட்டுப் போங்களேன்.”

“காருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

மகள் தகப்பனுக்கு ஏற்ற மகள். நடுவில் வந்து தீர்ப்புச் சொன்னாள். வண்டியில் கோளாறு இருந்தால் இன்னொருவர் கண்ணுக்கும் அது தெரிய வேண்டும். மெக்கானிக் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “ஆமாம், உதைக்குது” என்று சொல்லட்டும். வண்டியை விட்டுவிடுகிறேன், வேலைக்கு வேறு ஏதாவது வழி பார்க்கிறேன். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வண்டி மலையேறும்.

“சரி,” என்றார் உதறலார். ஒரு வாரம் இருக்கிறது. உள்ள கோளாறைக் காட்டுவதில் என்ன கஷ்டம் என்று நினைத்தார். வரலாற்றில் பெரிய தோல்விகள் எல்லாம் இப்படிப்பட்ட வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

முதல் நாள் வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனார். பட்டறையை நடத்துகிறவர் ஒரு பெண். அகன்ற தோள், அவசரமே படாத பேச்சு, காதோரம் எப்போதும் ஒரு கிரீஸ் கோடு. வண்டியை எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கினார்.

“அண்ணே, வெண்ணெய் மாதிரி போகுது.”

“இப்ப போகும். காலையில வந்து பாருங்க.”

“காலையிலதானே வந்திருக்கீங்க?”

“வீட்டுலேர்ந்து இங்க வர்றதுக்குள்ள சூடாயிடுதும்மா. ஆறின வண்டியா இருக்கணும்.”

மெக்கானிக்கம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். டாக்டரிடம் வந்ததும் வலி போய்விடுகிறது என்று சொல்லும் நோயாளியை டாக்டர்கள் பார்க்கும் பார்வை அது.

மறுநாள் சாயங்காலம் வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தார். இரவு முழுக்க ஆறட்டும், காலையில் மெக்கானிக்கம்மாவே எடுத்து ஓட்டிப் பார்க்கட்டும் என்று ஏற்பாடு. இரவு முழுக்க ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டி, குளிர் போதுமா என்று பார்த்தார். போதும். நன்றாகவே போதும். மனைவிக்குத் தும்மல் வந்தது. காலையில் ஆவலோடு பட்டறைக்குப் பேருந்தில் ஓடினால், வண்டி உள்ளே, பெரிய ஹீட்டருக்குப் பக்கத்தில், போர்வை போர்த்தாத குறையாக நின்றுகொண்டிருந்தது.

“உங்க வண்டியாச்சே அண்ணே! வெளியில பனியில விட மனசு வரல.”

உதறலார் நெற்றியில் கை வைத்துக்கொண்டு ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார். உலகத்தின் கருணை எல்லாம் தவறான இடத்தில்தான் பெய்கிறது.

அடுத்து மச்சினனைக் காலையில் எழுப்பி வண்டியில் உட்கார வைத்துப் பார்த்தார். சாட்சி மெக்கானிக்காக இல்லாவிட்டாலும், இரண்டாவது முதுகாவது ஆகட்டுமே என்று. மச்சினன் ஏறினதும் தூங்கிவிட்டான். உதை வந்தது. தலை முன்னால் போய்த் திரும்பி வந்தது. கண்ணைத் திறக்காமலே, “வந்துடுச்சா அத்தான்?” என்றான்.

“பார்த்தியா! உதைச்சுது பார்த்தியா!”

“நீங்க பிரேக் போட்டீங்கன்னு நெனச்சேன்.”

வாரம் கரைந்துகொண்டிருந்தது. மகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். உதறலாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலுவலகத்தில் லிஃப்டில் கண்ணை மூடினால், மாடிக்கு மாடி மலைப்பாதை வளைந்தது. ஒரு புதிய கட்டடத்தில், கருவிக்கே ஒன்றும் தெரியாத லிஃப்டைப் பார்த்து, “இது என் பொண்ணு போகத் தகுந்த லிஃப்ட் இல்ல,” என்று சொல்லிவிட்டார். அதைக் கட்டட முதலாளி மேலதிகாரியிடம் சொல்ல, மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். மேலதிகாரி தண்ணீர் கொடுப்பது அந்த அலுவலகத்தில் நல்ல அறிகுறி அல்ல.

வெள்ளிக்கிழமை அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. இத்தனை நாளும் நோயாளியை டாக்டரிடம் கொண்டு போனதுதான் தப்பு. டாக்டரை வீட்டுக்குக் கொண்டு வர வேண்டும். பட்டறைக்கு ஓடினார், கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார்.

“வர்றேண்ணே. ஆனா என் வேன் ஒரு வாடிக்கைக்காரர்கிட்ட இருக்கு. அந்த நேரத்துல பஸ்ஸும் இல்ல.”

“அதப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க,” என்றார் உதறலார். கவலைப்படும் பொறுப்பை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

சனிக்கிழமை விடியல். கண்ணாடி வெள்ளையாக உறைந்திருந்தது. நாக்கை நீட்டினால் ஒட்டிக்கொள்ளும் குளிர். உதறலார் உற்சாகமாகக் கிளம்பி மெக்கானிக்கம்மாவின் வீட்டுக்குப் போய், கதவைத் தட்டி, பணிவாக அழைத்து, முன் இருக்கையில் உட்கார வைத்து, ஹீட்டரை அவர் பக்கம் திருப்பிவிட்டுத் திரும்பினார். வழியெல்லாம் உதையின் குணாதிசயங்களை விவரித்தார். எங்கே யோசிக்கும், எங்கே தள்ளும், மூன்றாவதில் எப்படி மரியாதையாக நடந்துகொள்ளும் என்று. மெக்கானிக்கம்மா பாதி தூக்கத்தில் தலையாட்டிக்கொண்டு வந்தார். ரொட்டிக் கடை வந்தது. அங்கேதான் அவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணே.”

“சொல்லுங்கம்மா.”

“நாம இப்ப போயிட்டிருக்கிற வண்டி எது?”

உதறலார் வண்டியை ஓரமாக நிறுத்தினார். என்ஜின் இதமாக முனகிக்கொண்டிருந்தது. கதகதப்பு காலடியிலிருந்து மேலே ஏறிவந்தது. இருவரும் நெடுநேரம் ரொட்டிக் கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் கதவைத் திறந்த மனைவி, இருவர் முகத்தையும், பின்னால் புகைவிட்டபடி நின்ற வண்டியையும் பார்த்தார். உள்ளே போய் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். மகள் போர்வையோடு ஓடிவந்து, “என்னம்மா? என்னாச்சு?” என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மெக்கானிக்கம்மா காப்பி வந்ததும் பொறுமையாகக் குடித்தார். சிரிப்பை அடக்க அவர் கோப்பையை மூக்குவரை தூக்கிவைத்திருந்தார்.

உதறலார் மட்டும் ஜன்னலோரம் நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைக் கடைசியில் மகள்தான் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

“அக்கா, நாளைக்குக் காலையில நான் கிளம்பறேன்,” என்றாள் மெக்கானிக்கம்மாவிடம். “அதுவரைக்கும் யாரும் வண்டியைத் தொட மாட்டோம். நீங்க சைக்கிள்ல வருவீங்களா?”

“சைக்கிள்லயா? இந்தக் குளிர்லயா?” கோப்பையைக் கீழே வைத்தார். “வர்றேன். அண்ணன் முகத்தப் பார்த்தா என் மாமனார் ஞாபகம் வருது.”

ஞாயிறு காலையில் அவர் வந்தபோது மூக்கு தக்காளி மாதிரி இருந்தது. மகள் ஓட்டுநர் இருக்கையில், மெக்கானிக்கம்மா பக்கத்தில், பின்னால் கணவனும் மனைவியும். டிக்கியில் பெட்டிகள். வண்டி கிளம்பியது, கேட்டைத் தாண்டியது, தெருவில் இறங்கியது, யோசித்தது.

டங் என்று ஒரு உதை. பெட்டிகள் முன்னால் வந்து இருக்கையில் மோதின. “அம்மாடி!” என்று மனைவி கணவனின் முழங்காலைப் பிடித்தார்.

“பார்த்தீங்களா! பார்த்தீங்களா எல்லாரும்!” உதறலார் பின் இருக்கையில் எழுந்து நிற்கப் பார்த்துத் தலையை மேலே இடித்துக்கொண்டார். “நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!”

“உதைக்குதுண்ணே,” என்றார் மெக்கானிக்கம்மா. “நல்லாவே உதைக்குது.”

அந்த மகிழ்ச்சி ரொட்டிக் கடைவரைகூட நீடிக்கவில்லை. முன்னால் இருந்த சிறு கண்ணாடியில் மகளின் கண்கள் தெரிந்தன. அவள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள். வாக்குக் கொடுத்தவள், வேலை போயிற்று என்று அந்தக் கண்கள் கணக்கை முடித்துவிட்டிருந்தன. உதறலார் தலையைத் தடவிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். ஜெயித்த பிறகு என்ன செய்வதென்று அவர் யோசித்திருக்கவில்லை.

“இதுக்கு கியர் ஆயில் கடைசியா எப்ப மாத்தினீங்க?” என்று கேட்டார் மெக்கானிக்கம்மா.

“கியர் ஆயிலா? இதுக்கு மாத்தவே வேண்டாமே. வாங்கும்போதே சொல்லிட்டாங்க. ஆட்டோமேட்டிக்குன்னா உள்ள சீல் பண்ணியிருக்கும், வாழ்நாள் முழுக்கப் போதும்னு.”

“யாரோட வாழ்நாள்ணே?”

மனைவி மெல்லத் திரும்பினார்.

“பால் பொங்குதான்னு சந்தேகப்படுவீங்க. பூட்டின பூட்டை இழுத்து இழுத்துப் பூட்டே கழண்டு வந்துடுச்சு. வண்டி விக்கிறவன் சொன்னத மட்டும் நம்பினீங்களாக்கும்?”

நம்பினார். அதற்குக் காரணம் உண்டு. அத்தனை வருட வாழ்க்கையில், இதைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம் என்று ஒரு பொருளைக் காட்டி அவரிடம் ஒருவர் சொன்னது அந்த ஒரு தடவைதான். தாகத்தில் இருந்தவன் தண்ணீரின் நிறத்தைப் பார்க்கவில்லை.

பட்டறையில் ஆயிலை இறக்கினார்கள். சிவப்பாக இருக்க வேண்டியது அடுப்புக் கரியைக் கரைத்த மாதிரி ஒழுகியது. குளிரில் இது கெட்டியாகிவிடுகிறது, கியருக்கு நேரத்துக்குப் போய்ச் சேருவதில்லை, சூடானதும் இளகி ஓடுகிறது என்று மெக்கானிக்கம்மா விளக்கினார். ஃபில்டரை மாற்றி, புது ஆயிலை ஊற்றி, கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“சரியாயிடுச்சா?” என்று மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

“பெரும்பாலும் சரியாயிடும். சத்தியம் பண்ண மாட்டேன். வண்டி ஆறி, காலையில குளிர்ல எடுத்தாத்தான் தெரியும்.”

“அது நாளைக்குக் காலையில,” என்றாள் மகள். “நாளைக்குக் காலையில நான் அங்க இருக்கணும்.”

எல்லோரும் உதறலாரைப் பார்த்தார்கள். கோளாறு நிரூபணமாகிவிட்டது, தீர்ப்பு அவர் பக்கம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். டயரை உதைத்தார். டிக்கியைத் திறந்து, முன்னால் வந்திருந்த பெட்டிகளைச் சரியாக அடுக்கி, ஒரு கயிற்றால் கட்டினார்.

“நானும் வர்றேன். காலையில ஒரு தடவை, நான் கூட உக்காந்து பார்த்துட்டு, பஸ்ல திரும்பிடறேன்.”

“போயிட்டு வாங்க,” என்றார் மனைவி. “நானும் ஒரு நாள் நிம்மதியாத் தூங்கணும்.”

மலைப்பாதை நெடுக வண்டி வெண்ணெய். மருத்துவமனைக்குப் பின்னால் மகளுக்கு ஓர் அறை. கட்டில், மேசை, ஜன்னலுக்கு வெளியே வண்டி. காலையில் அப்பாவை எழுப்ப வேண்டியதே இல்லை, அவர்தான் தன்னை எழுப்புவார் என்பது மகளின் எண்ணம். உதறலாரும் ஸ்வெட்டரையும் காலுறையையும் கழற்றாமல்தான் தரையில் படுத்தார். இங்கே வரலாறு சற்றுத் தலைகுனிய வேண்டியிருக்கிறது. ஒரு வாரமாகத் தூங்காத மனிதர், தூங்கிப் போனார்.

கண் விழித்தபோது அறையில் வெளிச்சம். கட்டில் காலி. அலைபேசியில் மகளின் செய்தி: ‘பண்ணையிலேர்ந்து அவசரமா கூப்பிட்டாங்க. மாட்டுக்குப் பிரசவம். மேசையில ரொட்டி இருக்கு, சாப்பிடுங்க.’ அவ்வளவுதான். கியரைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார், இல்லை.

வெளியே ஓடினார். முற்றம் முழுக்க உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. வண்டி நின்ற இடத்தில் மட்டும் காய்ந்த தரை. அங்கிருந்து இரண்டு சக்கரத் தடங்கள் கேட்டைத் தாண்டிச் சாலைக்குப் போயின. உதறலார் தடத்தின் பக்கத்திலேயே, அதை மிதித்துவிடாமல், குனிந்தபடி நடந்தார். இங்கே முதல் கியர். இங்கே யோசித்திருக்கும். இங்கே... தடத்தில் ஒரு சின்ன வழுக்கல் தெரிந்த மாதிரி இருந்தது. மண்டியிட்டுப் பார்த்தார். ஏதோ பறவை கால் வைத்த இடம். சாலை முனையில் பால் லாரியின் தடம் வந்து கலந்து, எது எதென்று தெரியாமல் போயிற்று. முனையில் பேருந்து நிறுத்தம். அங்கே நின்று மகளுக்குப் போன் செய்தார்.

எடுத்தது ஓர் ஆண்குரல். “டாக்டரம்மாவுக்குக் கை வேலையா இருக்குங்க. நீங்க யாரு?”

“அவங்க அப்பா. எந்தக் கை?”

“ரெண்டும்தாங்க. மாட்டுக்குள்ள இருக்கு. ஸ்பீக்கர்ல போடறேன், பேசுங்க.”

“அம்மா! வண்டி காலையில எப்படி...” என்று தொடங்கினார். அந்தப் பக்கம் மாடு ஒரு கத்துக் கத்தியது. உதறலாரின் முதுகு நிமிர்ந்தது.

“என்னம்மா அது? ஏன் அப்படிக் கத்துது?”

“ஒரு காலுதான் வருதுப்பா.” மகளின் குரல் மூச்சு வாங்கியது.

“ஒரு காலா? இன்னொரு கால் எங்க?”

“அதத்தான் கையால தடவிப் பார்த்துட்டிருக்கேன். கொஞ்சம் பேசாம இருங்க.”

உதறலார் பேசாமல் இருந்தார். நிறுத்தத்தின் தகரச் சுவரில் முதுகைச் சாய்த்து, அலைபேசியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டார். மாட்டின் மூச்சு, மகளின் மூச்சு, யாரோ வாளியை நகர்த்தும் ஓசை. பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. “ஏறுறீங்களா பெரியவரே?” என்றார் ஓட்டுநர்.

உதறலார் கண்ணைத் திறக்காமல் உதட்டில் விரலை வைத்து, “உஸ்!” என்றார். ஓட்டுநர் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போனார்.